ஊட்டியில் கூட்டம் திரும்பிவிட்டது, கைவினைக் கடை போடலாமா என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோத்தகிரியில் பாட்டி வீடு இருக்கிறது, திருப்பூர் வேலையை விட்டாயிற்று, கையில் எட்டு லட்சம் இருக்கிறது. ஊட்டியில் உங்கள் மாமா நடத்திய கைவினைக் கடை 2020இல் மூடியது. இப்போது மே மாத டிராஃபிக் ஜாம் செய்திகளைப் பார்த்தால் ஜனம் பழையபடி வந்துவிட்ட மாதிரி தெரிகிறது, அதனால் நீலகிரிப் பழங்குடிகளின் பொருட்களான தோடர் சால்வை, குறும்பர் ஓவியம், கோத்தர் பானை என்று வைத்து மறுபடி கடை திறந்தால் ஓடுமா என்கிறீர்கள். கடை ஓடுமா என்பதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மலைக்கு வண்டி திரும்பி வந்தால் கைவினை வியாபாரமும் திரும்பி வந்ததாக அர்த்தமா? என் அனுபவத்தில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். 2001இல் இருந்து குன்னூரில் கைவினைப் பொருள் வாங்கி விற்கிறேன். பத்தொன்பது வருடம் கடை வைத்து, அதற்கப்புறம் கடை இல்லாமல். தோடர் எம்பிராய்டரி பற்றிச் சொல்வதெல்லாம் கையில் எடுத்து, காசு போட்டு, சில சமயம் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டது. ஓவியமும் பானையும் நான் குறைவாகத்தான் விற்றிருக்கிறேன். கொடைக்கானல் பக்கம் வெளியே இருந்து பார்த்ததோடு சரி. வரி, சட்டம் விஷயத்தில் நான் ஆடிட்டரும் இல்லை, வக்கீலும் இல்லை.

உங்கள் மாமா கடையை கொரோனா மூடியது என்பது பாதி உண்மை. எங்கள் தொழிலில் பணம் எப்படிச் சுற்றும் என்று பாருங்கள். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை சரக்கு சேர்ப்போம், பனிக்காலத்தில் வியாபாரம் மந்தம். ஏப்ரல், மே முதல் சீசன், செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். முதல் சீசனில் வருகிற பணத்தில்தான் வாடகை பாக்கி, நூல்காரருக்குக் கொடுக்க வேண்டியது, தைக்கிற பெண்களுக்கு மீதிக் கூலி எல்லாம் அடையும். 2020இல் ஊரடங்கு மார்ச் கடைசி வாரத்தில் வந்தது. அதாவது கல்லாவில் ஒரு ரூபாய் இல்லாமல், அலமாரி நிறையச் சரக்கோடு இருந்த நேரம். ஒரு மாதம் முன்போ மூன்று மாதம் பின்போ வந்திருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்போம் என்று இன்றைக்கும் தோன்றும். 2021லும் ஏப்ரலிலேயே இரண்டாம் அலை. இரண்டு முதல் சீசன் அடுத்தடுத்துப் போனால் வாடகைக் கடை தாங்காது. அந்த வருடம் ஊட்டி மார்க்கெட்டில் வாடகை பாக்கிக்காகக் கடைகளுக்கு சீல் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். என் கடையை அதற்கு முன்பே, 2020இல், நானே காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஈர்ப்புகள் என்று பார்த்தால் எல்லாம் திரும்பிவிட்டன, அதில் சந்தேகமே இல்லை. மலை ரயில் 2020 மார்ச்சில் நின்று அந்த வருடக் கடைசியில் ஓட ஆரம்பித்தது, இரண்டாம் அலையில் மறுபடி நின்று 2021 செப்டம்பரில் திரும்பியது. தாவரவியல் பூங்கா மலர்க்காட்சி இரண்டு வருடம் நடக்கவில்லை, 2022 மே மாதம் 124ஆவது காட்சி நடந்தது. ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்துக்குப் பிறகு 2023இல் தெப்பக்காட்டு யானை முகாமுக்கு எவ்வளவு கூட்டம் வந்தது என்று கூடலூர்க்காரர்களைக் கேளுங்கள். கூட்டம் மிஞ்சிப்போய் உயர் நீதிமன்றமே தலையிட்டு 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரலில் இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள். சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6000 வண்டி, வார இறுதியில் 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. அதை எதிர்த்து வியாபாரிகள் கடையடைப்பு எல்லாம் செய்தார்கள். நான் அந்தப் போராட்டத்தில் சேரவில்லை, ஏனென்றால் ஏழாயிரமாவது வண்டியில் வருகிறவர் என்னிடம் எதுவும் வாங்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

விளக்குகிறேன். கொரோனாவுக்கு அப்புறம் வருகிற கூட்டத்தில் சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ வந்து, ஒரு நாள் அல்லது ஒன்றரை நாளில் தொட்டபெட்டா, ரோஜாத் தோட்டம், படகு இல்லம், பைக்காரா எல்லாம் முடித்து இறங்குகிறவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு. கணக்கெடுத்துச் சொல்லவில்லை, கடைத்தெருவில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். அவர்கள் வாங்குவது வர்க்கி, சாக்லேட், தேயிலை, தைலம். குறை சொல்லவில்லை, நானும் மதுரை போனால் மல்லிகைப்பூவும் ஜிகர்தண்டாவும்தான். ஆனால் ஒரு சால்வையைப் பிரித்துக் காட்டி, இதில் ஏன் கோடு வரைந்த தடம் இல்லை என்று சொல்லிப் புரியவைக்க இருபது நிமிடம் வேண்டும். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த இருபது நிமிடம் கிடைக்காது. டிரைவர் என்றதும் இன்னொன்று. வண்டியைக் கடை வாசலில் நிறுத்துவதற்குக் கமிஷன் உண்டு, இது ஊரறிந்த விஷயம். சாக்லேட்டிலும் தைலத்திலும் அந்தக் கமிஷனைக் கொடுத்துவிட்டு லாபமும் பார்க்கலாம். கையால் செய்த பொருளில் கமிஷனை யார் தலையில் கட்டுவீர்கள்? விலையை ஏற்றினால் போணியாகாது, ஏற்றாவிட்டால் அது தைக்கிற பெண்ணின் கூலியில்தான் போய் விழும். என் பழைய கடையில் மெயின் ரோட்டுப் பக்கம் இருந்த மூன்று வருடத்தைவிட, சந்துக்குள் மாறின பிறகுதான் எனக்கும் மிஞ்சியது, அவர்களுக்கும் மிஞ்சியது.

எல்லாப் பழியையும் கொரோனா மேல் போடுகிற பழக்கம் இங்கே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மசினகுடி பக்கம் ரிசார்ட்டுகள் மூடிக் கிடப்பதைப் பார்த்து நோய்தான் காரணம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். சீகூர் யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் ரிசார்ட்டுகளுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது, அந்தக் கட்டிடங்களின் கதை அதோடு சேர்ந்தது. இரண்டும் ஒரே வருடத்தில் வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது. நீங்கள் இடம் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள், மலையில் எந்த நிலத்தில் என்ன கட்டலாம், எதை வாடகைக்கு விடலாம் என்பதற்கெல்லாம் சமவெளி விதிகள் பொருந்தாது.

சரி, தோடர் எம்பிராய்டரிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள். வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக உல்லன் நூலில் போடுவது. தோடர்கள் நெய்வதில்லை, துணி எப்போதும் வெளியிலிருந்துதான் வரும். துணியை மரச்சட்டத்தில் கட்டி இழுத்துப் பிடிப்பதில்லை, பென்சில் கோடு இல்லை. துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசியை ஓட்டுவார்கள், ஒரு இழை தப்பினால் அடுத்த முழுவரிசையும் கோணும். நூல் திரும்புகிற இடத்தில் கொஞ்சம் தொய்வு விட்டுத் திருப்புவார்கள், அந்தத் தொய்வுதான் பூவுக்கு மேடு கொடுப்பது. நாம் நல்ல பக்கம் என்று நினைக்கிற வழுவழுப் பக்கம் அவர்களுக்கு உள்பக்கம், மேடு தட்டிய பக்கத்தைத்தான் வெளியே தெரியப் போர்த்துவார்கள். எருமைக் கொம்பு, மயில் இறகு, ஓரத்தில் முயல் காது என்று பூவுக்குப் பெயர் உண்டு. இப்படிப் பூ போட்டுப் போர்த்துகிற சால்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர், ஆண், பெண் இருவருக்கும் பொது. இறந்தவரைச் சுற்றுவதும் அதில்தான். இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஒரு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்குப் போய் பழைய சால்வை ஒன்றைப் பார்த்து அதை விலைக்குக் கேட்டுவிடக் கூடாது. நான் புதுசில் கேட்டேன். அந்தப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, சால்வையை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். அப்புறம் ஏழெட்டு மாதம் அந்த வீட்டிலிருந்து எனக்கு வேலை வரவில்லை.

இப்போது கணக்கு. முழு சால்வை ஒன்று ஒருவர் போட்டால் ஒரு மாதத்துக்குக் குறையாது, பூ நெருக்கமாக இருந்தால் இரண்டு மாதம். வெளிச்சம் வேண்டும் என்பதால் வீட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்துதான் போடுவார்கள். ஜூன், ஜூலை மழையிலும் மூடுபனியிலும் வேலை ஓடாது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், முப்பது நாள் என்று வைத்தால் 120 மணி நேரம். மணிக்கு வெறும் 50 ரூபாய் என்று போட்டாலும் கூலி மட்டும் 6000. துணி, நூல், உங்கள் வாடகை, வண்டிக்கூலி, விற்காமல் தேங்குவது எல்லாம் அதற்கு மேல். பக்கத்துக் கடையில் மெஷினில் அடித்த தோடர் டிசைன் சால்வை சில நூறு ரூபாய்க்குத் தொங்கும். வாங்குகிறவர் இரண்டையும் ஒரே பொருள் என்றுதான் நினைப்பார். அவர் மேல் தப்பு இல்லை, இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லி விற்கிறார்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, தேவைக்குப் பஞ்சம் இல்லை, கைக்குத்தான் பஞ்சம். தோடர்கள் மொத்தமே இரண்டாயிரத்தை ஒட்டித்தான். அதில் பெண்கள், அதில் ஊசி பிடிக்கிறவர்கள், அதில் கண் நன்றாகத் தெரிகிறவர்கள், அதில் வீட்டு வேலை, எருமை, கேரட் தோட்டம், பிள்ளைகள் பள்ளி எல்லாம் போக நேரம் இருப்பவர்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். படித்த பெண்கள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து நம் கடைக்காகத் தைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஊரடங்கில் ஒரு விசித்திரம் நடந்தது. மந்துக்கு வெளியாள் யாரும் வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள், நோய் வராமல் இருக்க அதுதான் சரி. ஆனால் வெளியே வேலை இல்லாததால் உள்ளே எல்லோரும் ஊசி எடுத்தார்கள், கல்லூரி மூடி வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள் அம்மாவிடம் அப்போதுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள். சரக்கு குவிந்தது, வாங்க ஆள் இல்லை. அப்போது சென்னையில் இருந்த ஒரு பழைய வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் சும்மா விசாரித்தார், நான் படம் அனுப்பினேன், அவர் தன் தோழிகளுக்கு அனுப்பினார். முகக்கவசத்தில் சின்னதாக ஒரு பூ, கைப்பை, மேஜை விரிப்பு என்று ஆர்டர் வந்தது. 2021 பொங்கலுக்குள் தேங்கின சரக்கில் முக்கால்வாசி போய்விட்டது. கடை இருந்த காலத்தில் கூட அவ்வளவு வேகமாகப் போனதில்லை. அதற்காக ஆன்லைன் என்றாலே ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தத் தோழிகள் எல்லோரும் இருபது வருடத்தில் என் கடைக்குள் வந்து உட்கார்ந்து டீ குடித்தவர்கள், அல்லது அவர்களுக்குத் தெரிந்தவர்கள்.

புவிசார் குறியீடு, அதாவது ஒரு ஊர்ப் பொருளின் பெயரை மற்றவர்கள் போட்டுக்கொள்ளாமல் காக்கிற பதிவு, இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்டிருந்தீர்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் கிடைத்தது. தோடர் நலவாழ்வு சங்கம், கோத்தகிரி கீஸ்டோன் அறக்கட்டளை, தமிழக அரசின் பூம்புகார் கைவினை நிறுவனம் சேர்ந்து விண்ணப்பித்தது. நல்ல விஷயம், ஆனால் அது தானாகப் போய் யாரையும் பிடிக்காது. சட்டப்படி பெயரின் பதிவு உரிமையாளர் ஒருவர், அதைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர்கள் வேறு. நீங்கள் கடை திறந்து அந்த முத்திரையை நீங்களாக ஒட்டிக்கொள்ள முடியாது. பதிவையும் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போலிக்கு எதிராக வழக்குப் போடலாம், ஆனால் முந்நூறு ரூபாய் சால்வை விற்கிற தள்ளுவண்டிக்காரர் மேல் யார் போய் வழக்குப் போடுவது? என் அனுபவத்தில் முத்திரையைவிட, இதைப் போட்டது எந்த மந்து, எத்தனை நாள் ஆயிற்று என்று கையால் எழுதின ஒரு சின்ன அட்டை அதிகம் வேலை செய்தது. அட்டையில் பெயர் போடுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள், சிலர் வேண்டாம் என்பார்கள்.

ஓவியமும் பானையும் சுருக்கமாக. ஆலு குறும்பர் ஓவியம் முன்பு அறுவடை விழாவுக்கு வீட்டுச் சுவரில் போட்டது. வேங்கை மரப் பிசின், மண், இலைச்சாறு என்று காட்டிலிருந்து வருகிற நிறம். கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பையில் இப்போதும் போடுகிறார்கள், காகிதத்திலும் துணியிலும் வருகிறது. வியாபாரக் கண்ணில் பார்த்தால் உங்கள் மூன்று பொருளில் இதுதான் தோதானது. சுருட்டி அனுப்பலாம், சின்ன அளவிலும் செய்யலாம். ஆனால் போடுகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கோத்தர் பானை பெண்கள் கையில் உருவாவது, கோத்தருக்கு மொத்தம் ஏழே ஊர். அழகு என்றால் அழகு, ஆனால் சுற்றுலாப் பயணியிடம் விற்றால் மலை இறங்குகிற வழியில் பர்லியார் தாண்டுவதற்குள் பாதி உடைந்திருக்கும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீடு வாங்கித் தங்கியிருக்கிறவர்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், அவர்கள்தான் உங்கள் பானைக்கு ஆள்.

கொடைக்கானலில் போட்டால் என்ன என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். அங்கே பெயர் வாங்கியிருப்பது விளைபொருள். 2019இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பழனி மலை விருப்பாட்சி வாழைக்கு அதற்கு முன்பே உண்டு. நீலகிரிப் பொருளை அங்கே கொண்டுபோய் விற்பது எனக்கு ஒட்டாத வேலையாகப் படுகிறது. 2030இல் குறிஞ்சி பூக்கும் என்று இப்போதே அங்கே அறை கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு சீசனை நம்பிக் கடன் வாங்குகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

உங்கள் எட்டு லட்சத்தை நான் எப்படி வைப்பேன் என்றால், ஊட்டியில் அட்வான்ஸ், அலமாரி, விளக்கு என்று போட்டால் சரக்குக்கு மூன்று லட்சம் மிஞ்சினால் அதிகம். அதற்குப் பதில் பாட்டி வீட்டு முன்னறையைச் சுத்தம் செய்யுங்கள், வாடகை மிச்சம். ஒன்றரை லட்சத்துக்குத் துணியும் நூலும் நல்லதாக வாங்குங்கள், சாயம் போகிற நூலில் பிழைத்தவன் யாருமில்லை. மூன்று லட்சம் கூலிக்கு, பாதி முன்பணம், மீதி பொருள் கைக்கு வந்த அன்றே. விற்ற பிறகு தருகிறேன் என்று சொல்கிற வழக்கத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள், 2020இல் எங்களில் பலருக்கும் தைக்கிறவர்களுக்கும் நடுவே கசப்பு வந்தது அதனால்தான். மீதியைத் தொடாதீர்கள், அது இரண்டு சீசன் போனால் தாங்குகிற பணம். மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை விசாரியுங்கள். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழிலில் குயவர் இருக்கிறார், எம்பிராய்டரி இல்லை. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில், 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். ஆனால் இவையெல்லாம் செய்கிறவர்களுக்கு, வாங்கி விற்கிற நமக்கு இல்லை. அவர்கள் விண்ணப்பம் போட நீங்கள் கூடப் போய் உதவினால், அந்த உதவி நினைவில் நிற்கும். ஜி.எஸ்.டி. விஷயத்தில் கைவினைப் பொருளுக்குச் சில விலக்குகள் உண்டு, வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்குவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

இது வருடத்துக்கு எவ்வளவு தரும் என்றால், என் கணக்கில் முதல் இரண்டு வருடம் உங்கள் சாப்பாட்டுக்கு வராது. திருப்பூரில் வாங்கின சம்பளத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர் வீட்டில் யாராவது இருந்தால் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். உங்களுக்குத் திருப்பூர்ப் பழக்கம் இருக்கிறதே, அதில் ஒரு லாபமும் ஒரு ஆபத்தும் உண்டு. துணியின் தரம் பார்க்கத் தெரியும், அது லாபம். ஆயிரம் பீஸ், இருபதாம் தேதி டெலிவரி என்று பேசிப் பழகியிருப்பீர்கள், அந்த வாய் இங்கே எடுபடாது. மந்தில் ஒரு சாவு விழுந்தால் வேலை தள்ளிப்போகும், வாங்குகிறவரிடம் அதை அப்படியே சொல்லிக் காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றால் குன்னூருக்கு வாருங்கள், இங்கே செய்தி அனுப்பினால் வழி சொல்கிறேன். ஜனவரியில் வாருங்கள். காலையில் பனி விலகி வெயில் வந்ததும் மந்தில் எல்லோரும் வெளியே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். மே மாதம் வேண்டாம், இ-பாஸ் எடுத்து நீங்கள் மேலே ஏறி வருவதற்குள் எனக்கு அன்றைய கூரியர் நேரம் முடிந்திருக்கும்.